மாதுளை வெல்வெட்டும் ஆறு வேற்றுமைகளும்

சோவியத் நாடு உடைந்தபோது பத்திரிகைகளில் என்னென்னவோ எழுதினார்கள். தேரா துபாயில், முர்ஷித் பஜாரில், துணிக்கடையில் நின்றுகொண்டிருந்த எனக்கு அதன் பொருள் ஒன்றுதான்: கட்டம் போட்ட பெரிய பைகளோடு பெண்கள் வந்து இறங்கினார்கள். ஊரில் டீச்சராகவும் நர்ஸாகவும் இருந்தவர்கள். சம்பளம் நின்றுபோகவே விமானம் ஏறி வந்து, நாசர் ஸ்கொயர் பக்கம் ஓர் அறையில் நாலைந்து பேராகத் தங்கி, துணி வாங்கி, பையில் மிதித்து அடைத்து, தாங்களே சுமந்துபோய் ஊர்ச் சந்தையில் விற்றார்கள். எங்கிருந்து வந்தாலும் பஜாரில் அவர்களுக்கு ஒரே பெயர், ரஷ்யாக்காரி.

எனக்கு அவர்களைக் கண்டாலே எரிச்சல். ரோல் ரோலாக இறக்கிப் போடச் சொல்வார்கள். விரித்துப் பார்ப்பார்கள். கால்குலேட்டரை இங்கும் அங்கும் தள்ளிப் பேரம் பேசுவார்கள். கடைசியில் பக்கத்துக் கடைக்குப் போய்விடுவார்கள். இறக்கியதை எல்லாம் மறுபடி சுற்றி ஏற்றுவது யார்? நான்தான். பஜாரில் ஆளாளுக்கு நாலு ரஷ்ய வார்த்தையை மனப்பாடம் செய்துகொண்டு வாசலில் நின்று கூவினார்கள். நானும் நல்ல சரக்கு என்கிற அர்த்தத்தில் "கராஷோ, கராஷோ" என்று கூவிப் பார்த்தேன். எனக்கே கேட்கச் சகிக்கவில்லை.

அப்படிக் கூவிக்கொண்டிருந்த ஒரு காலையில்தான் அவர் வந்தார். ஐம்பதை ஒட்டிய வயது. பருத்த உடம்பு. பூப்போட்ட ரூமாலைப் பிடரியில் முடிச்சிட்டிருந்தார். இரண்டு புருவங்களும் நடுவில் ஏறக்குறையச் சேர்ந்திருந்தன. என் "கராஷோ"வைக் கேட்டதும் விரலை ஆட்டினார். நெஞ்சில் கைவைத்து "உஸ்பெக்" என்றார். பிறகு கவுண்டரில் கிடந்த இரும்பு மீட்டர் கோலை எடுத்து மேசையில் ஒரு தட்டு தட்டினார். வகுப்பில் தூங்குகிற பையனை எழுப்புகிற தட்டு அது. அவர் நமங்கான் பக்கத்தில் ஒரு பள்ளியில் தாய்மொழி டீச்சராக இருந்தவர் என்பது பிறகு தெரிந்தது.

என்னை "அகா, அகா" என்று கூப்பிட்டார். என்னோடு கடையில் நின்றவன் எங்கள் காயல்பட்டினத்துக்காரன், எனக்கு இளையவன். எங்கள் ஊரில் அண்ணனைக் காக்கா என்போம். அவனும் என்னை அப்படித்தான் கூப்பிடுவான். ரோல்களுக்கு நடுவில் உட்கார்ந்துகொண்டு விழுந்து விழுந்து சிரித்தான்.

"காக்கா, என்னா கூத்து இது! இம்மாம் பெரிய தாடி வச்ச ஆம்பளையப் போயி அக்காங்குது!"

உஸ்பெக்கில் அகா என்றால் அண்ணனாம். அக்காவுக்கு ஓபா. அன்றிலிருந்து அவர் எனக்கு ஓபா ஆனார்.

ஓபாவிடம் ஒரு நிபந்தனை இருந்தது. தன்னிடம் ரஷ்ய மொழி பேசக்கூடாது. பேசினால் எங்கள் கடையில் வாங்கமாட்டார். அப்படியானால் எனக்கு உஸ்பெக் யார் சொல்லிக்கொடுப்பது என்று கையை விரித்தேன். நான் ஒருத்தி எதற்கு இருக்கிறேன் என்பதுபோல மறுபடி மீட்டர் கோலால் தட்டினார். சில மாதங்களுக்கு ஒருமுறை வருவார். துணியைப் பொறுக்கி முடித்ததும் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்காருவார். நான் பால் விடாத சுலைமானி டீ வரவழைப்பேன். பாடம் தொடங்கிவிடும். இனி நான் தமிழில் எழுதப்போகும் அவர் பேச்செல்லாம், அரைகுறையாகவும் சைகையாகவும் தொடங்கிப் பிறகு உஸ்பெக்கில் சரளமாக நடந்தது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

முதல் பாடம் வீடு. உய் என்றால் வீடு. உய்கா, வீட்டுக்கு. உய்தா, வீட்டில். உய்தன், வீட்டிலிருந்து. எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. இங்கிலீஷிலும் அரபியிலும் இதையெல்லாம் சொல்லுக்கு முன்னால் கொண்டுபோய் நிறுத்துவார்கள். அதில் நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். இந்தப் பாஷையோ நம்மைப் போலவே வால் பக்கத்தில் ஒட்டுகிறது. தமிழில் சொல்லிக் காட்டினேன்: வீட்டுக்கு, வீட்டில், வீட்டிலிருந்து. ஓபா கண்ணை அகல விரித்து, "வோய் ஓல்மஸம்!" என்றார்.

இதை அவர் மூச்சுக்கு மூச்சு சொல்வார். ஆச்சரியம் என்றாலும், விலை அதிகம் என்றாலும், டீ நாக்கைச் சுட்டாலும் வோய் ஓல்மஸம்தான். வார்த்தைக்கு வார்த்தை பார்த்தால் சாவு சம்பந்தப்பட்டது. நம் பெண்கள் "செத்தேன் போ" என்கிற மாதிரி. எனக்கும் அது ஒட்டிக்கொண்டது. பெண்கள் மட்டுமே சொல்கிற சொல் என்பதை அவர் எனக்குச் சொல்லவில்லை. வேறு உஸ்பெக் பெண்கள் வந்தபோது நான் தாடியைத் தடவிக்கொண்டு "வோய் ஓல்மஸம்" என்பேன். அவர்கள் வாயைப் பொத்திக்கொண்டு ஒருவர்மேல் ஒருவர் சாய்வார்கள். என் உச்சரிப்பு அவ்வளவு பிரமாதம் போலும் என்று நானும் பெருமைப்பட்டுக்கொண்டு திரிந்தேன். ஓபா வேண்டுமென்றே என்னைத் திருத்தாமல் விட்டிருக்கிறார். ஒரு வருஷத்துக்கு மேல் கழித்து ஒரு தாஷ்கண்ட்காரர் சொல்லித்தான் விஷயம் தெரிந்தது. அதற்குள் நாக்கு பழகிவிட்டிருந்தது.

"எங்களுக்கு ஆறு வேற்றுமை" என்றார் ஒரு நாள்.

"எங்களுக்கு எட்டு" என்றேன்.

"எட்டா? என்ன ஊதாரித்தனம், அகா! ஆறை வைத்தே நாங்கள் குடும்பம் நடத்துகிறோம்."

ஆறையும் அவர் ஒரே சொல்லை வைத்துத்தான் சொல்லிக்கொடுத்தார். கிஸ். பெண் என்றும் பொருள், மகள் என்றும் பொருள். அதோடு 'இம்' சேர்த்தால் கிஸிம், என் மகள். கிஸிங், உன் மகள். கிஸி, அவர் மகள். என், உன் என்று தனியாக ஒரு சொல் முன்னால் நிற்கவேண்டியதில்லை. எல்லாம் உள்ளேயே அடக்கம். அந்த ஒட்டு வந்த பிறகுதான் வேற்றுமை வரலாம். கிஸிம்கா என்றால் என் மகளுக்கு. மாற்றி ஒட்டினால் மீட்டர் கோல் பேசும்.

"முதலில் யாருடைய பிள்ளை என்று சொல்லிவிடவேண்டும், அகா. அதற்கப்புறம்தான் அது எங்கே போகிறது, எங்கிருந்து வருகிறது என்பதெல்லாம்."

எனக்குப் பள்ளிக்கூடத்தில் படித்தது ஞாபகம் வந்தது. எந்தை, நுந்தை, தந்தை. என் அப்பா, உன் அப்பா, அவன் அப்பா. அந்தக் காலத்தில் நாங்களும் உள்ளேயே வைத்துத்தான் பேசியிருக்கிறோம், பிறகு தொலைத்துவிட்டோம் என்று சொன்னேன். ஓபாவுக்கு ஒரே சந்தோஷம். எழுந்து நின்று என் தோளில் ஓங்கி ஓர் அடி கொடுத்தார்.

ஒவ்வொரு வேற்றுமைக்கும் ஒரு வாக்கியம் வைத்திருந்தார். எல்லாமே அவர் மகளைப் பற்றித்தான். கிஸிம்: என் மகள் டாக்டருக்குப் படிக்கிறாள். கிஸிம்னிங்: என் மகளின் கை மெத்தென்று இருக்கும். கிஸிம்னி: என் மகளை நான் காலையில் எழுப்புவேன். கிஸிம்கா வரும்போது மட்டும் ஸ்டூலுக்குப் பக்கத்தில் கிடக்கும் கட்டம் போட்ட பையைக் காலால் ஒரு தள்ளு தள்ளுவார். "பு கிஸிம்கா எமஸ்." இது என் மகளுக்கு இல்லை. கிஸிம்தா: என் மகளிடம் என் புருவம் இருக்கிறது. கிஸிம்தன்: என் மகளிடமிருந்து மிட்டாயை ஒளித்துவைத்தேன்.

அந்தப் பை விஷயத்தில் அவர் விளையாட்டாக இருந்ததே இல்லை. கணவர் போய்ச் சேர்ந்து பல வருஷம். ஒரே மகள். பள்ளிச் சம்பளம் அரிசிக்குக்கூடக் காணாது என்று ஆன பிறகு அந்த மகளின் படிப்புக்காகத்தான் பையைத் தூக்கினார். படிப்பு முடியவேண்டும், வெள்ளைக் கோட்டு போடவேண்டும், நல்ல இடத்தில் கல்யாணம் ஆகவேண்டும். பை சுமப்பது தன்னோடு ஒழியவேண்டும். விமான நிலையத்தில் மகள் வந்து பையைப் பிடித்தால்கூடக் கையைத் தட்டிவிடுவாராம்.

ஒரு தடவை கொரியாவிலிருந்து வெல்வெட் வந்தது. மாதுளை முத்தின் நிறம். ரோலை நான் மேசையில் உருட்டிவிட்டதும் ஓபா பேச்சை நிறுத்திவிட்டார். உள்ளங்கையால் ஒரு பக்கமாகத் தடவினார், எதிர்ப்பக்கமாகத் தடவினார். பேரமே பேசாமல் முழு ரோலையும் வாங்கிக்கொண்டு, "கிஸிம்கா" என்றார். அவர்கள் வழக்கப்படி கல்யாணப் பெண்ணுக்குத் தாய்வீட்டிலிருந்து மெத்தையும் ரஜாய்ப் போர்வையும் அடுக்கடுக்காகப் போகவேண்டும். மேல்துணி வெல்வெட்டாக இருந்தால் பார்க்கிறவர்கள் வாயடைத்துப் போவார்கள்.

காகிதம் சுற்றப் போனேன். கையைப் பிடித்து நிறுத்தினார்.

"இங்கேயே இருக்கட்டும், அகா. வீட்டுக்குக் கொண்டுபோனால் விற்றுவிடுவேன். குளிர்காலத்தில் காசு முடையானால் கை சும்மா இருக்காது."

எங்கள் கடையில் வாடிக்கைக்காரர்கள் வாங்கிய சரக்கைப் பத்திரமாக எடுத்துவைப்பது சகஜம்தான். வெல்வெட்டை மேல்தட்டில் ஏற்றினேன். ஒவ்வொரு தடவை வரும்போதும் அண்ணாந்து ஒரு பார்வை பார்த்துவிட்டுத்தான் உட்காருவார்.

எனக்கும் ஊரில் ஒரு மகள் இருந்தாள். காயலில் பெண்ணைக் கட்டிக்கொடுத்து அனுப்புவதில்லை. மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்கு வருவார் என்று சொன்னபோது ஓபா நம்பவே இல்லை.

"அப்படியானால் உன் மகள் கடைசிவரை வீட்டிலேயே இருப்பாளா? கொடுத்துவைத்தவன் நீ!"

"அவ இருப்பா ஓபா. நான்தான் அங்கே இல்லை" என்றேன்.

எங்கள் ஊரில் பெண்கள் வீட்டை விட்டுப் போவதில்லை, போகிறதெல்லாம் வாப்பாமார்கள்தான். ஓபா தன் பங்குச் சர்க்கரைக் கட்டியை என் கோப்பையில் போட்டார்.

கடைசியாக வந்தபோது அவர் படியேறிய விதமே சரியில்லை. ஸ்டூலில் உட்கார்ந்து இடது தோளைத் தேய்த்துக்கொண்டே இருந்தார். முகம் வெளிறி, மேலுதடெல்லாம் வேர்த்திருந்தது. ஏசி ஓடிக்கொண்டிருந்தது. பக்கத்தில் கிளினிக் இருக்கிறது, வாருங்கள் என்றேன். பை வார் அழுத்துகிறது, வேறொன்றும் இல்லை என்றார்.

"எத்தனை நாளா? மகளுக்குத் தெரியுமா? அவ டாக்டருக்குத்தானே படிக்கிறா?"

ஓபா சிரித்தார். மீட்டர் கோலை எடுத்து மேசையில் மெல்லத் தட்டினார். பழைய தட்டு இல்லை அது.

"கிஸிம்தன்" என்றார். "என் மகளிடமிருந்து ஒளித்துவைத்திருக்கிறேன். சரியாக இருக்கிறதா வாக்கியம்?"

எனக்குக் கோபம் வந்தது. வாக்கியம் எல்லாம் சரிதான், மனுஷிதான் சரியில்லை என்று கத்தினேன். ஓபாவோ கடைப்பையன்போல என்னையே ஏவினார்: அந்த ரோலை எடு, இதை மடி, பையைக் கட்டு. கட்டினேன். வாசல்வரை நான் தூக்கிவந்தேன். அங்கே பிடுங்கித் தன் தோளில் போட்டுக்கொண்டார். மேல்தட்டைப் பார்க்காமல் போனார். அதை நான் அப்போதே கவனித்தேன்.

பிறகு எனக்கு லீவு வந்து ஊருக்குப் போனேன். மகள் என் தோளுக்கு வளர்ந்திருந்தாள். என்னைக் கண்டதும் தாவணியை இழுத்து விட்டுக்கொண்டு கதவுக்குப் பின்னால் போனாள். வெளியாளைக் கண்டால் போகிற மாதிரி. "கிஸிம்" என்று வாய் தவறிக் கூப்பிட்டுவிட்டேன். "உம்மா, வாப்பாக்கு அரபி நல்லா வருது" என்று உள்ளே போய்ச் சொன்னாள். அது அரபி இல்லை என்று விளக்கவேண்டும் என்று நினைத்தேன். அவளுக்கும் எனக்கும் நடுவில் அவ்வளவு நீளப் பேச்சு நடப்பதற்குள் லீவு முடிந்துவிட்டது.

திரும்பி வந்து பல மாதம் ஓபா வரவில்லை. அவரோடு வரும் பெண்களும் வரவில்லை. துருக்கிக்குப் போய்ச் சரக்கு எடுக்கிறார்கள் போலும், அங்கே பாஷையும் பக்கம், செலவும் குறைவு என்றான் என் ஊர்க்காரன். என்னிடம் சொல்லாமல் துருக்கிக்கா என்று மனதுக்குள் அவரோடு சண்டை போட்டுக்கொண்டிருந்தேன்.

ஒரு வெள்ளிக்கிழமை, ஜும்ஆ தொழுகை முடிந்து கடை திறந்த நேரம். ஒரு பெண் உள்ளே வந்தாள். நீல நிறத்தில் தளர்ந்த உடுப்பு, தலையில் ரூமால். தோளில் கட்டம் போட்ட பை. நடுவில் சேர்ந்த புருவம். பார்த்த மாத்திரத்தில் தெரிந்துவிட்டது. எனக்கு வந்த சந்தோஷத்தில் நான் கூவினேன்:

"வோய் ஓல்மஸம்! கிஸிம், நீயா! கொஞ்சம் இரு, ஸ்டூலை இழுத்துப் போடு, உட்கார்!"

அவள் அசையவில்லை. நிலையில் கைவைத்து நின்றுவிட்டாள். புது இடம், கூச்சப்படுகிறாள் என்று நினைத்தேன். என் ஊர்க்காரன் அதற்குள் டீக்குச் சொல்லக் கிளம்பிவிட்டான். கூடவே அல்வாவும் வாங்கிவருவான், எனக்குத் தெரியும்.

"ஓபா மாமி வரலியா? கல்யாணம் நிச்சயமாயிட்டாக்கும் காக்கா?" என்று வாசலிலிருந்தே தமிழில் கேட்டுவிட்டுப் போனான்.

அவள் ஏதோ சொன்னாள். நீலத் துணி வேண்டும், பூ இல்லாதது, பளபளப்பு இல்லாதது. நான் கேட்டால்தானே. எங்கள் பக்கத்தில் துக்கம் என்றால் வெள்ளை. நீலம் பெருநாளைக்கு உடுத்துகிற நிறம். கல்யாண வீட்டில் உறவுக்காரர்களுக்குத் துணி கொடுப்பார்கள் போலும் என்று எடுத்துக்கொண்டேன். நீலம் இருக்கட்டும், முதலில் உன் சாமானைப் பார் என்று ஏணியில் ஏறி அந்த ரோலைத் தூசி தட்டி இறக்கி, மேசையில் உருட்டிவிட்டேன். மாதுளை நிறம் மேசை முழுக்க விரிந்து அந்தப் பக்கம் தொங்கியது.

"உன் அம்மா உனக்காக வைத்தது. கிஸிம்கா, கிஸிம்கா என்று என் உயிரை எடுத்துவிட்டார். எங்கே அவர்? கீழே நிற்கிறாரா?"

"ஓனம்..." என்றாள். என் அம்மா. உடுப்பைப் பிடித்துக் காட்டினாள்.

பிறகு சொன்னாள். வசந்தகாலத்தில், சந்தையில், பையை இறக்கிவைத்துவிட்டு உட்கார்ந்தவர் எழுந்திருக்கவில்லை. தாய் போனால் அவர்கள் ஒரு வருஷம் நீலம் உடுத்துவார்கள். சித்திமார்களுக்கும் வேண்டும், அதற்குத்தான் துணி. படிப்பை நிறுத்திவிட்டாள்.

நான் வெல்வெட்டின் ஒரு நுனியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். சுற்றவும் கை வரவில்லை, விடவும் கை வரவில்லை. என் ஊர்க்காரன் டீயும் அல்வாவுமாக வந்தவன், எங்கள் முகத்தைப் பார்த்துவிட்டுப் பொட்டலத்தை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டான். நான் அழுதேன். கடையில் நின்று அழுதது அது ஒரு தடவைதான்.

அவள்தான் முதலில் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"நீங்கள் பேசுவது அம்மா பேசுகிற மாதிரியே இருக்கிறது, அகா. அந்த இழுப்பு, அந்த வோய் ஓல்மஸம் எல்லாம். உள்ளே வந்ததும் எனக்கு..." நிறுத்தினாள். "இன்னும் ஏதாவது பேசுங்கள்."

என்ன பேசுவது? என்னிடம் இருந்த உஸ்பெக் முழுதும் அவர் கொடுத்தது. கடைக்கும் பாடத்துக்கும் மேல் ஒன்றும் கிடையாது. அதனால் பாடத்தையே சொன்னேன். கிஸிம், என் மகள் டாக்டருக்குப் படிக்கிறாள். கிஸிம்னிங், என் மகளின் கை மெத்தென்று இருக்கும். கிஸிம்னி, என் மகளை நான் காலையில் எழுப்புவேன். அவள் கண்ணை மூடிக்கொண்டு கேட்டாள். என் குரலில் அவரைத் தேடுகிறாள் என்று தெரிந்தது. என்னால் முடிந்தவரை அவர் இழுக்கிற மாதிரியே இழுத்துச் சொன்னேன்.

கிஸிம்கா என்று சொல்லி நின்றேன்.

"கிஸிம்கா?" என்றாள், கண்ணைத் திறக்காமல்.

"பு கிஸிம்கா எமஸ், இது என் மகளுக்கு இல்லை" என்றேன்.

எது என்று அவள் கேட்கவில்லை. கண்ணைத் திறந்து காலடியில் கிடந்த பையைப் பார்த்தாள். விமான நிலையத்தில் அவள் கையை எத்தனை தடவை தட்டிவிட்டிருப்பார்.

"கிஸிம்தா, என் மகளிடம் என் புருவம் இருக்கிறது" என்று அவசரமாகச் சொன்னேன். அவள் லேசாகச் சிரித்து, புருவத்தை ஒரு விரலால் தொட்டுக்கொண்டாள்.

"இன்னும் ஒன்று இருக்கிறதே. கிஸிம்தன்?"

"அது மறந்துபோச்சு" என்றேன்.

வெல்வெட்டைக் கொண்டுபோகச் சொன்னேன். வேண்டாம் என்று தலையாட்டினாள். வீட்டுக்குக் கொண்டுபோனால் விற்றுவிடுவேன், இங்கேயே இருக்கட்டும் என்றாள். அவளும் நானுமாக இரண்டு பக்கமும் பிடித்துச் சுற்றி, மறுபடி மேல்தட்டில் ஏற்றினோம். பிறகு நீலத்தில் நல்லதாகப் பார்த்து வெட்டிக்கொடுத்தேன். மற்ற சரக்கையும் எடுத்தாள். பையில் அடைத்து, மிதித்து, கயிறு போட்டுக் கட்டினோம். கல்லாக இருந்தது.

குனிந்து வாரைப் பிடித்து இழுத்துப் பார்த்தாள். தரையைவிட்டு எழவில்லை. பழக்கம் இல்லாத கை. வார் பட்ட இடம் அதற்குள் சிவந்திருந்தது.

"அகா, கொஞ்சம் தூக்கிவிடுங்கள்" என்றாள்.

தூக்கி அவள் தோளில் வைத்தேன்.